பஃப்ன்ஸ்டஃப் மாதிரி பெரிய ஸ்பாஞ்ச் தலை வீட்லயே செய்றது எப்படி

ஸ்கூல் ஆண்டு விழா, அப்பார்ட்மென்ட் ஃபங்ஷன், பிள்ளைங்க பர்த்டே, எதுக்கா இருந்தாலும் பெரிய தலை வச்ச வேஷம் வேணும்னா நம்மாளுங்க நேரா வாடகைக் கடைக்குதான் ஓடுறோம், அங்க கிடைக்கிறது யாரோ போட்டு வேர்த்து ஊறின ஒரு கரடியோ எலியோ, உள்ள போனா கண்ணு தெரியாது, மூச்சு விட முடியாது, பத்து நிமிஷத்துல ஆள் மயக்கம் போட்டுடுவான். அத விட ஸ்பாஞ்சுல நாமளே ஒண்ணு செஞ்சுக்கலாம். ரெண்டு மூணு வார சனி ஞாயிறு போகும், ஆனா செய்ய முடியாத வேலை இல்ல.

இதுக்கு நான் பாடப் புத்தகம் மாதிரி வச்சுக்கிறது எச்.ஆர். பஃப்ன்ஸ்டஃப்னு ஒரு பழைய அமெரிக்க டிவி தொடர். 1969 செப்டம்பர்ல என்பிசி சேனல்ல சனிக்கிழமை காலையில குழந்தைங்களுக்குன்னு வந்தது, மொத்தமே 17 எபிசோடுதான், ஆனா திரும்பத் திரும்ப ஒளிபரப்பி ஒரு தலைமுறைக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. எடுத்தவங்க சிட் க்ராஃப்ட், மார்ட்டி க்ராஃப்ட்னு அண்ணன் தம்பி, பொம்மலாட்டத் தொழில்ல இருந்து வந்தவங்க. கதை ரொம்ப சிம்பிள், ஜிம்மின்னு ஒரு பையன், அவன் கையில பேசுற புல்லாங்குழல் ஒண்ணு, பேரு ஃப்ரெடி, ஒரு மாயப் படகுல ஏறி லிவிங் ஐலண்ட்ங்கிற தீவுக்கு வந்து மாட்டிக்கிறான், விட்சிபூன்னு ஒரு சூனியக்காரி அந்தக் குழலப் பிடுங்கப் பாக்குறா, தீவோட மேயரான பஃப்ன்ஸ்டஃப்ங்கிற டிராகன் பையனக் காப்பாத்துறார். எல்லா எபிசோடும் கிட்டத்தட்ட இதேதான். அந்தத் தீவுல எல்லாத்துக்கும் உயிர் உண்டு, மரம் பேசும், வீடு பேசும், ஆந்தை டாக்டர், தவளை டான்ஸ் ஆடும், கழுகு, சிலந்தி, வௌவால் எல்லாம் சூனியக்காரிக்கு எடுபிடி. இது அத்தனைலயும் பாதிக்கு மேல உள்ள ஒரு ஆள் நின்னு நடிச்ச வேஷம்.

கதைக்காக அதப் பாக்காதீங்க, கதை நமக்கு அலுத்துடும். முதல் எபிசோட போட்டு சவுண்ட மியூட் பண்ணிட்டுப் பாருங்க. வேஷம் போட்டவங்க எப்படி நிக்கிறாங்க, எப்படித் திரும்புறாங்க, யாரு முதல்ல அசையுறாங்க, இத மட்டும் கவனிங்க. பஃப்ன்ஸ்டஃப் வேஷத்துக்குள்ள இருந்தது ராபர்ட்டோ கமோனெட், குரல் கொடுத்தது லெனி வைன்ரிப், ஸ்க்ரிப்ட் எழுதினவங்கள்லயும் அவர் ஒருத்தர். அதாவது உடம்பு ஒருத்தர், குரல் இன்னொருத்தர். மியூட் போட்டா உடம்புக்காரர் செய்யுற வேலை தனியா தெரியும். அந்தத் தலை உடம்போட ஒப்பிட்டா எவ்ளோ பெருசுன்னு பாருங்க, அப்படி ஒரு தலைய வச்சுக்கிட்டு மனுஷன் நடக்குறார், ஓடுறார், ஆடுறார். அப்ப உள்ள எதோ ஒண்ணு அந்தத் தலையக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கணும்ல? நம்ம வேலையும் அங்கதான் ஆரம்பிக்குது, உள்ள இருக்கிற ஆள்ல இருந்து. பெரும்பாலானவங்க வெளிய எப்படி இருக்கணும்னு ஆரம்பிச்சுட்டு, கடைசியில ஆள உள்ள திணிக்கப் பாக்குறாங்க. அது சரிப்படாது.

முதல்ல யாரு போடப் போறாங்கன்னு முடிவு பண்ணிடுங்க, பொதுவா ஒரு சைஸ் கிடையாது. அவங்க உயரம், தோள் அகலம், தலைச் சுற்றளவு, கண்ணுல இருந்து தோள் வரைக்கும் எவ்ளோ, இதெல்லாம் அளந்து எழுதி வச்சுக்கோங்க. கண்ணாடி போடுறவங்களான்னு கேட்டுக்கோங்க, இத யாருமே கேக்குறதில்ல, கடைசி நாள் கண்ணாடி உள்ள போகாம முழிப்பாங்க. இன்னொண்ணு, ஆள் குள்ளமா இருந்தா குறைன்னு நினைக்காதீங்க. க்ராஃப்ட் தொடர்கள்ல பில்லி பார்ட்டி மாதிரி உயரம் குறைஞ்ச நடிகர்கள் நிறைய பேர் வேஷத்துக்குள்ள இருந்தாங்க, பெரிய தலைய குட்டை உடம்புல வச்சா அதுவே கார்ட்டூன் ஆயிடுது. ஷேரன் பேர்ட்னு ஒரு நடிகை, சின்ன வயசுல மிக்கி மவுஸ் கிளப் ஷோவுல ஆடினவங்க, இந்தத் தொடர்ல ஒண்ணுக்கு மேல வேஷம் போட்டாங்க. டான்ஸ் தெரிஞ்ச ஆள் உள்ள போனா வேஷம் தானா பேசும், அதனால உங்க குரூப்ல யாருக்கு ஆட வருதோ அவங்கள உள்ள போடுங்க, சத்தமா பேசுறவங்கள மைக் பக்கம் அனுப்புங்க. உயரமான ஆள் தேவைப்படுற வேஷமும் உண்டு. இதே அண்ணன் தம்பி 1974ல எடுத்த லேண்ட் ஆஃப் தி லாஸ்ட்ங்கிற தொடர்ல ஸ்லீஸ்டாக்னு பல்லி மனுஷங்க வருவாங்க, அதுக்கு பாஸ்கெட்பால் ஆடுற நெட்டைப் பசங்களப் பிடிச்சு உள்ள போட்டாங்க, அதுல ஒருத்தர் பில் லேம்பியர், பின்னால என்பிஏங்கிற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல பெரிய ஆளா ஆனார்.

சரி, டிசைன். பேப்பர்ல படம் வரைஞ்சா பத்தாது, பக்கவாட்டுல எப்படி வரும்னு தெரியாது. பிள்ளைங்க விளையாடுற க்ளே வாங்கி ஒரு 5 இஞ்ச் அகலத்துக்குத் தலைய பிசைஞ்சு செஞ்சுக்கோங்க. கண்ணு, மூக்கு, கன்னம் எல்லாம் கொஞ்சம் ஓவராவே போடுங்க, 30 அடி தள்ளி உக்காந்திருக்கிற பாட்டிக்கும் தெரியணும். குட்டி டீட்டெயில் எல்லாம் விட்டுடுங்க, தூரத்துல ஒண்ணும் தெரியாது. இந்த க்ளே தலை மேல க்ளிங் ராப் (சாப்பாடு மூடுற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்) சுத்தி, அதுக்கு மேல பெயிண்டர்ங்க ஒட்டுவாங்களே அந்த பேப்பர் டேப்ப ரெண்டு லேயர் ஒட்டுங்க. இப்ப பேனாவால நடு மூக்குல இருந்து பின்னந்தலை வரைக்கும் ஒரு கோடு போட்டு, இடது பாதிய மட்டும் எடுத்துக்கோங்க, வலதுக்கு அதையே திருப்பிப் போட்டா போச்சு. அந்தப் பாதிய கன்னம், நெத்தி, பின்மண்டை, தாடைன்னு துண்டு துண்டா கோடு போட்டுப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதி, ரெண்டு துண்டு சேர்ற இடத்துல குறுக்கா சின்னக் கோடு கோடா அடையாளம் போட்டுடுங்க. இந்த அடையாளம் இல்லாம வெட்டுனீங்கன்னா அப்புறம் எது எதோட சேரும்னு உக்காந்து தலைய பிச்சுக்க வேண்டியதுதான். கட்டர் பிளேடால டேப்ப கோட்டு வழியா வெட்டி எடுங்க. ஆரஞ்சுத் தோல உரிச்சு மேஜையில அமுக்கினா ஓரம் கிழிஞ்சு பிரியும்ல, அதே மாதிரி இந்தத் துண்டும் தட்டையாக மாட்டேன்னு முரண்டு பிடிக்கும், எங்க பிடிக்குதோ அங்க ஓரத்துல இருந்து உள்ள ஒரு வெட்டு விடுங்க, அது வி மாதிரி விரியும். அந்த வி தான் பின்னால ஸ்பாஞ்சுல வளைவக் கொடுக்கப் போகுது, அத அடைச்சுடாதீங்க.

தட்டையான துண்டுகள ஜெராக்ஸ் கடையில கொடுத்து 200 சதவீதம் பெருசாக்கி, அந்தக் காப்பியவே திரும்ப 200 சதவீதம் ஆக்கச் சொன்னா நாலு மடங்கு ஆயிடும், 5 இஞ்ச் தலை 20 இஞ்ச் ஆயிடுச்சு. ஏ3 தாள்ல கொள்ளலன்னா ரெண்டு தாளா எடுத்து ஒட்டிக்கலாம். 20 இஞ்சுக்கு மேல போகாதீங்கன்னு சொல்வேன். நம்ம வீட்டு உள் கதவு நிறைய இடத்துல ரெண்டரை அடிதான், அதாவது 30 இஞ்ச், அதுல தலையும் நுழையணும், காதும் கொம்பும் நுழையணும், மேடைக்குப் பின்னாடி இருக்கிற சந்துலயும் நுழையணும். கொம்பு, காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறத வெல்க்ரோ வச்சு கழட்டுற மாதிரி பண்ணிக்கிட்டா ஆட்டோவுலயும் ஏத்தலாம்.

ஸ்பாஞ்ச் வெட்டுறதுக்கு முன்னாடி உள்கூடு ரெடி பண்ணணும். கட்டட வேலைக்குப் போடுற மஞ்சள் பிளாஸ்டிக் ஹெல்மெட் ஒண்ணு ஹார்டுவேர் கடையில வாங்குங்க, விலை கம்மி, வெயிட் கம்மி, உள்ள ஒரு பட்டை செட் இருக்கும், தலைக்கேத்த மாதிரி டைட் பண்ணிக்கலாம், மண்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல காத்துப் போகிற இடமும் தானா கிடைச்சுடும். பைக் ஹெல்மெட் வேண்டாம், அதோட வெயிட்டே கழுத்த ஒடிச்சுடும். முன்னால நீட்டிக்கிட்டு இருக்கிற விளிம்ப அறுத்துடுங்க, பார்வைய மறைக்கும். தாடைக்கு ஒரு எலாஸ்டிக் பட்டை கட்டாயம், அது இல்லன்னா ஆள் குனிஞ்சதும் தலை கழண்டு முன்வரிசைக் குழந்தை மடியில விழும், குழந்தை ஒரு வாரம் தூங்காது.

இப்ப ஸ்பாஞ்ச். மெத்தை, சோஃபா செய்றவங்க கிட்ட போய் 1 இஞ்ச் ஷீட் கேளுங்க, 32 டென்சிட்டின்னு சொன்னா கொடுப்பாங்க. தொட்டா குழையுற மட்டமான ஸ்பாஞ்ச் வேண்டாம், ரெண்டு நாள்ல கன்னம் தொங்கிடும். ரொம்ப கெட்டியானதும் வேண்டாம், வளையாது. பெருசாக்கின அந்த ஜெராக்ஸ் துண்டுங்கதான் பேட்டர்ன், அத ஸ்பாஞ்ச் மேல வச்சு மார்க்கரால வரைஞ்சு (வரைஞ்ச பக்கம் உள்ள போற மாதிரி வச்சுக்கோங்க, இல்லன்னா வெளிர் கலர் துணியில மை தெரியும்) புது பிளேடு போட்டு வெட்டுங்க. பிளேட முழுசா நீட்டி, ஸ்பாஞ்ச அமுக்காம, அறுக்குற மாதிரி இல்லாம ஒரே இழுப்புல இழுக்கணும், வெட்டுன ஓரம் செங்குத்தா 90 டிகிரியில நிக்கணும். ஸ்பாஞ்ச் பிளேட சீக்கிரம் மொண்ணையாக்கிடும், ஓரம் பிஞ்சு பிஞ்சு வர ஆரம்பிச்சா உடனே பிளேட மாத்துங்க, கஞ்சத்தனம் பார்க்காதீங்க.

ஒட்டுறதுலதான் விஷயமே இருக்கு. வெள்ளை ஃபெவிகால் இதுக்கு ஆகாது, காய நாள் கணக்காகும், காஞ்சா ஓரம் கல்லு மாதிரி இறுகிடும். க்ளூ கன்னும் தையலுக்கு ஆகாது, கோடு கோடா கெட்டியா நிக்கும், மே மாச வெயில்ல காரு டிக்கியில வச்சா கழண்டுக்கும். சன்மைக்கா ஒட்ட கார்பென்டர் வச்சிருப்பாரே, மஞ்சளா பிசுபிசுன்னு ஒரு சிந்தடிக் ரப்பர் பசை, கடையில எஸ்.ஆர். பசைன்னு கேட்டா தெரியும், அதான். மொட்டை மாடியிலயோ பால்கனியிலயோ உக்காந்து பண்ணுங்க, வாசனை தலைக்கு ஏறும், பக்கத்துல அடுப்பு, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது, சட்டுனு பத்திக்கிற சமாச்சாரம், பிள்ளைங்கள கிட்டயே விடாதீங்க. சேரப் போற ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா தடவுங்க, ஒரு ஓரத்துல மட்டும் இல்ல, ரெண்டுலயும். ஸ்பாஞ்ச் முதல் கோட்ட குடிச்சிடும், அதனால மேல இன்னொரு கோட். அப்புறம் சும்மா இருக்கணும், அதான் கஷ்டம். ஒரு அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு விரல் முதுகால தொட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டக் கூடாது, ஆனா விரல எடுக்கும்போது லேசா ஒரு இழுப்பு இருக்கணும். அந்த நேரத்துல அடையாளக் கோட்டுக்கு அடையாளக் கோடு வச்சு, முதல்ல ரெண்டு முனை, அப்புறம் நடு, அப்புறம் இடையில இருக்கிறதுன்னு கிள்ளிக் கிள்ளி ஒட்டிக்கிட்டே வாங்க. தொட்ட உடனே பிடிச்சுக்கும், நகர்த்த முடியாது, அதனால ஒரு முனையில ஆரம்பிச்சு நேரா போனீங்கன்னா கடைசியில ஒரு பக்கம் நீளமா நிக்கும். முதல்ல அந்த வி வெட்டு எல்லாத்தையும் மூடுங்க, மூட மூட தட்டையா இருந்த துண்டு கையிலயே கிண்ணமா எழுந்து வரும் பாருங்க, இத்தனை வேலையில எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். அதுக்கப்புறம் துண்டோட துண்டு, கடைசியா ரெண்டு பாதியையும் நடுக்கோட்டுல சேருங்க.

ஸ்பாஞ்ச் தலை ரெடியானதும் ஹெல்மெட்ட ஆள் தலையில மாட்டி, அதுக்கு மேல ஸ்பாஞ்ச் தலைய இறக்கி, கண்ணாடி முன்னாடி நிறுத்தி, கண்ணு எந்த மட்டத்துல வருதுன்னு பாருங்க. இந்த மாதிரி தலையில உள்ள இருக்கிற ஆளோட கண்ணு, வேஷத்தோட கண்ணுக்கு நேரா வரணும்னு அவசியம் இல்ல, பெரும்பாலும் வாய் வழியா பாக்குற மாதிரி வைக்கிறதுதான் நல்லது. வாயத் திறந்த மாதிரி டிசைன் பண்ணிட்டா ஒரு 3 இஞ்ச் உயரத்துக்கு ஓட்டை கிடைக்கும், கருப்பு நைலான் கொசுவலைய உள்பக்கமா ஒட்டிட்டா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இருட்டான வாய், உள்ள இருக்கிறவருக்கு ஜன்னல். வெள்ளை வலை வேண்டவே வேண்டாம், மேடை லைட் பட்டதும் பளிச்சுனு வெள்ளைச் சுவர் மாதிரி ஆயிடும். மட்டம் சரியானதும் ஹெல்மெட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவுல மிச்ச ஸ்பாஞ்ச கட்டை கட்டையா வெட்டி அடைச்சு ஒட்டிடுங்க, ஆனா முழுசா அடைக்காம நாலு தூண் மாதிரி மட்டும், நடுவுல காத்து ஓடணும்.

உச்சந்தலையில முடிக்கோ கொம்புக்கோ கீழ மறைவா ரெண்டு ஓட்டை போட்டு, சூடு மேல ஏறி வெளிய போக விடுங்க. யூஎஸ்பில ஓடுற குட்டி ஃபேன் கிடைக்குது, அத ஒரு ஓட்டையில காத்த வெளிய தள்ளுற மாதிரி வச்சு, பவர் பேங்க இடுப்புப் பையில போட்டா போதும். மூஞ்சியில அடிக்கிற மாதிரி வச்சா உள்ள இருக்கிற அதே சூட்டுக் காத்ததான் சுத்திச் சுத்தி அடிக்கும், வெளிய இழுத்தா வாய் வழியா புதுக் காத்து வரும்.

கண்ணுக்கு பிளாஸ்டிக் பந்த ரெண்டா வெட்டி வெள்ளை பெயின்ட் அடிச்சா போதும். கருமணிய கொஞ்சம் மூக்குப் பக்கமா தள்ளி ஒட்டினா ஆள் உங்களையே பாக்குற மாதிரி இருக்கும், நட்ட நடுவுல வச்சா முழிச்ச முழி, செத்த மீன் மாதிரி. மேல் இமையா ஒரு ஸ்பாஞ்ச் பட்டைய பாதிக் கண்ண மூடுற மாதிரி வச்சா சாந்தமான முகம், இமையே இல்லன்னா பயந்த முகம், இமைய உள்பக்கமா சாய்ச்சா வில்லன். ஒட்டுறதுக்கு முன்னாடி குண்டூசி குத்தி நிறுத்தி, மொபைல்ல போட்டோ எடுத்துப் பாத்து முடிவு பண்ணுங்க, நேர்ல தெரியாதது போட்டோல தெரியும்.

துணி விஷயத்துல சுருக்கமா சொல்றேன். நாலு பக்கமும் இழுபடுற ஃப்ளீஸ், இல்லன்னா சாஃப்ட் டாய் செய்றவங்க வாங்குற குட்டை ரோம வெல்வெட், இந்த ரெண்டுல ஒண்ணு. சாட்டின் பளபளன்னு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக் கொடுக்கும். ஸ்பாஞ்சுக்குப் போட்ட அதே பேட்டர்ன்ல சுத்தி அரை இஞ்ச் கூட விட்டு வெட்டி, தெரிஞ்ச டெய்லர்கிட்ட கொடுத்தா தச்சுடுவார், உறை மாதிரி மாட்டி வாய் ஓரத்துலயும் கழுத்து ஓரத்துலயும் மட்டும் ஒட்டினா போதும். ரோமத் துணியா இருந்தா ரோமம் எல்லாத் துண்டுலயும் கீழ் நோக்கி இருக்கணும்.

உடம்புக்கு பெருசா மெனக்கெட வேண்டாம், ஆனா ஒண்ணு, தலை மட்டும் பெருசா இருந்து கீழ ஜீன்ஸ் பேன்ட்டும் ஸ்கூல் ஷூவுமா இருந்தா மொத்தமும் வீண். லூசான டி-ஷர்ட்டுக்குள்ள ஸ்பாஞ்ச் தொப்பை ஒண்ணு தோள்ல மாட்டுற மாதிரி, கைக்கு நாலு விரல் கிளவுஸ், காலுக்கு பழைய கேன்வாஸ் ஷூ மேல ஸ்பாஞ்ச் ஒட்டி பெரிய பாதம். ஷூவோட அடிப்பாகம் தரையத் தொடணும், துணி தொடக் கூடாது, வழுக்கும். வேஷத்துக்கு ஒரு பதவியோ தொழிலோ இருந்தா அத ஒரே ஒரு பொருள்ல காட்டுங்க. பஃப்ன்ஸ்டஃப் மேயர்ங்கிறதுக்கு இடுப்புல கட்டின நீலப் பட்டையும் அதுல தொங்குற மெடலும்தான் அடையாளம், மத்தபடி ஆள் பச்சை மஞ்சள் டிராகன். சட்டையில பத்து பேட்ஜ் குத்தினா ஒண்ணும் நிக்காது.

அந்த நீலப் பட்டை கோர்ட் தீர்ப்புல வேற ஏறியிருக்குங்க. 1970கள் ஆரம்பத்துல மெக்டொனால்ட்ஸ் கம்பெனி மெக்டொனால்ட்லேண்ட்னு விளம்பரம் எடுத்தாங்க, பேசுற மரம், பெரிய தலை மேயர், எல்லாம் லிவிங் ஐலண்ட் வாடை. க்ராஃப்ட் சகோதரர்கள் கேஸ் போட்டாங்க, 1977ல அமெரிக்காவோட ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் சொல்லிடுச்சு. மெக்டொனால்ட்ஸ் தரப்பு எங்க மேயர் வேற டிரஸ், உங்க மேயர் வேற டிரஸ்னு வித்தியாசத்தப் பட்டியல் போட்டாங்க, கோர்ட்டும் ரெண்டு உடுப்பையும் விவரிச்சு, பஃப்ன்ஸ்டஃப்போட நீலப் பட்டை, மெடல் வரைக்கும் எழுதிட்டு, குழந்தைங்க சட்டை பட்டனையா எண்ணப் போறாங்க, மொத்தமா பாத்தா அதே உணர்வுதானே வருதுங்கிற மாதிரி முடிவு பண்ணுச்சு. இத எதுக்குச் சொல்றேன்னா, வீட்டு பர்த்டேக்கு டிராகன் செஞ்சா யாரும் கேக்கப் போறதில்ல, ஆனா கடைத் திறப்பு விழா, விளம்பர வீடியோன்னு காசு புழங்குற இடத்துக்கு வேஷம் செய்றவங்க கலர மட்டும் மாத்திட்டா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க. சொந்தமா ஒரு உருவம் யோசிங்க. க்ராஃப்ட் ஆளுங்ககிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது பொருளுக்கு உயிர் கொடுக்குற அந்த யோசனைதான், 1971ல அவங்களே லிட்ஸ்வில்னு தொப்பிங்க வாழுற ஊரு ஒண்ணு எடுத்தாங்க, தொப்பிக்கு ஊருன்னா உங்க தெரு தண்ணி டேங்க்குக்கும் ரெண்டு கண்ணு வைக்கலாம்ல.

வேஷம் முடிஞ்சதும் நேரா மேடைக்குப் போகாதீங்க, வீட்ல நடக்க விடுங்க. முதல் தடவை அஞ்சு நிமிஷம், அடுத்து பத்து, நிகழ்ச்சி அன்னைக்கும் 15 நிமிஷத்துக்கு மேல தொடர்ச்சியா வேண்டாம், கோடையில அதுவும் ஜாஸ்தி. உள்ள மெல்லிய காட்டன் பனியன், தலைக்கு ஒரு காட்டன் துணி கட்டிக்கிட்டா வேர்வை கண்ணுல இறங்காது. போடுறதுக்கு முன்னாடியும் கழட்டினதுக்கு அப்புறமும் தண்ணி, உப்பு போட்ட மோரு இருந்தா இன்னும் நல்லது. கூடவே எப்பவும் ஒரு ஆள் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், படிக்கட்டு வருது, குழந்தை கால் கிட்ட நிக்குதுன்னு காதுகிட்ட சொல்லிக்கிட்டே வரணும், வாய் ஓட்டை வழியா கீழ இருக்கிறது தெரியாது. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா வச்சா உடனே வெளிய எடுங்கன்னு அர்த்தம்னு சைகை ஒண்ணு பேசி வச்சுக்கோங்க. அந்த சைகை வந்தா பாட்டு பாதியில இருந்தாலும் சரி, சீஃப் கெஸ்ட் பேசிக்கிட்டு இருந்தாலும் சரி, இழுத்துட்டுப் போயிடணும்.

நடிப்புக்கு வருவோம். முகம் அசையாத வேஷத்துல உடம்புதான் முகம். ஒரு நேரத்துல ஒரு அசைவு, அதையும் பெருசா, மெதுவா. யாரையாச்சும் பாக்கணும்னா கழுத்த மட்டும் லேசா திருப்பினா வெளிய ஒண்ணும் தெரியாது, இடுப்புல இருந்து மொத்தமா திரும்பணும். ஆச்சரியம்னா ஒரு அடி பின்னால, சோகம்னா தோள் தொங்கணும், பேசுறது இந்த வேஷம்தான்னு காட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் லேசா ஒரு தலையாட்டல். உள்ள இருக்கிறவங்க பேசவே கூடாது, ஸ்பாஞ்ச் சத்தத்த முழுங்கிடும், மேடை ஓரத்துல மைக்கோட ஒருத்தர் பேசட்டும், பஃப்ன்ஸ்டஃப்புக்கு வைன்ரிப் பேசின மாதிரி.

எல்லாத்துக்கும் மேல, வேஷம் போட்டவங்க மட்டும் மேடையில இருக்கிற மாதிரி நாடகம் எழுதாதீங்க. லிவிங் ஐலண்ட்ல முகம் தெரியுற ஆளுங்க ரொம்பக் கம்மி, முக்கியமா ஜிம்மி, விட்சிபூ ரெண்டு பேரு. ஜிம்மியா நடிச்ச ஜாக் வைல்ட் இங்கிலாந்துப் பையன், ஆலிவர் படத்துல ஆர்ட்ஃபுல் டாட்ஜர்ங்கிற பிக்பாக்கெட் பையனா நடிச்சு ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனவர். அவர் அந்த ஸ்பாஞ்ச் டிராகனோட கண்ண நேராப் பாத்து பேசுவார், அது பதில் சொல்லும்போது நிஜமாவே கேட்டுக்கிட்டு நிப்பார், ஒரு சிரிப்பு, ஒரு புருவத் தூக்கல். மியூட் எடுத்துட்டு அவர மட்டும் பாருங்க இப்ப. டிராகனுக்கு உயிர் இருக்குன்னு நம்மள நம்ப வைக்கிறதுல பாதி வேலை இவரோடது. விட்சிபூவா வந்த பில்லி ஹேய்ஸ் நேர் எதிர், வேஷங்களுக்கு முடியாத முக பாவனை எல்லாத்தையும் இவங்களே மொத்தமா செஞ்சு தள்ளுவாங்க, கத்துவாங்க, விழுவாங்க, துடைப்பத்துல பறப்பாங்க, கொஞ்சம் ஓவர்தான், ஆனா அந்த ஓவர் இல்லன்னா ஷோ படுத்துடும். அதனால உங்க நாடகத்துலயும் முகம் தெரியுற ஒரு பிள்ளைய வைங்க, வேஷத்தப் பாத்துப் பேசுற பிள்ளையா, ஆடியன்ஸப் பாத்து ஒப்பிக்கிற பிள்ளையா இருக்கக் கூடாது. ஒத்திகையிலேயே அந்தப் பிள்ளைக்கு வேஷம் பழகிடணும், உள்ள யாருன்னு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா மேடையில அழுதுடும். ஒத்திகைக்கு முழு வேஷம் வேண்டாம், ஸ்பாஞ்ச் தலை மட்டும் போதும், துணி தச்சு வர்றதுக்குள்ள அத வச்சே பழகிக்கலாம்.

கடைசியா பாதுகாக்குற விஷயம். நிகழ்ச்சி முடிஞ்ச அன்னைக்கே உள்பக்கம் ஈரத் துணியால துடைச்சு, ஹெல்மெட் பட்டைய கழட்டி சோப்பு போட்டு அலசி, தலைய கவுத்து வைக்காம வாய் மேல பாக்குற மாதிரி ஃபேன் காத்துல ராத்திரி முழுக்க காய விடுங்க. வெயில்ல வைக்கக் கூடாது, ஸ்பாஞ்சுக்கு வெயிலும் ஈரமும்தான் எமன், முதல்ல மஞ்சளாகும், அப்புறம் தொட்டா பொடிப் பொடியா உதிரும், கடலோர ஊருல இன்னும் சீக்கிரம். பாலிதீன் கவர்ல கட்டி பரண்ல போடுறது ரொம்பத் தப்பு, உள்ள புழுங்கிப் பூஞ்சை பிடிச்சுடும். பழைய காட்டன் போர்வையில சுத்தி, உள்ள நியூஸ் பேப்பர் கசக்கி அடைச்சு, மேல எதையும் அடுக்காம பீரோ மேல வைங்க. அந்த ஜெராக்ஸ் பேட்டர்ன மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, பேரு எழுதி ஒரு ஃபைல்ல வச்சா அடுத்த வருஷம் அதே மண்டைக்கு காத மாத்தி, மூக்க மாத்தி, டிராகன சிங்கமா ஆக்கிக்கலாம், பாதி வேலை மிச்சம்.